குழுவின் உற்சாகத்தை அளக்கும் கேள்வித்தாளைச் சரிபார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நானூறு பேருக்கு மேல் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள்களோடு ஒரு ஆய்வு மாணவி என்னிடம் வந்தார். பணியிடத்தில் ஒரு குழு சேர்ந்து உணர்கிற ஆற்றலை அளக்கும் அளவுகோலைத் தமிழில் சரிபார்ப்பதுதான் அவருடைய வேலை. எக்செல் கோப்பைத் திறந்தால் வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது, சம்பள வரம்புகூட இருக்கிறது, யார் எந்தக் குழு என்ற கலம் மட்டும் இல்லை. ஒரு வருட உழைப்பில் கிடைத்த அந்தத் தரவை வைத்து, அவர் கேட்ட கேள்விக்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகும் இதே தவறைப் பலரிடம் பார்த்துவிட்டேன். குழுவுக்குச் சொந்தமான ஒன்றை அளக்கப் போகிறோம் என்பதை முதல் நாளே மனதில் வாங்காததுதான் காரணம். கீழே உள்ள வரிசை முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் விடை தேவைப்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி, உங்கள் கல்வி நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல், மூல அளவுகோலை உருவாக்கியவர்களின் சம்மதம், இந்த மூன்றும் முதலில். மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியும் அதிலுள்ள லவான் தொகுப்பும் இலவசம், கீழே சொல்லும் இருநிலைப் பகுப்பாய்வையும் அது செய்யும். எம்பிளஸ் என்ற கட்டண மென்பொருள் கிடைத்தால் இன்னும் வசதி.

அப்புறம், குழுக்களின் பட்டியல். இதைத்தான் பலர் கடைசியில் தேடுவார்கள், நீங்கள் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

1. எதை அளக்கிறோம் என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள்

இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் அளவுகோல் மைக்கேல் கோல், ஹைக்கே புரூக், பெர்ன்ட் ஃபோகல் மூவரும் 2012இல் வெளியிட்டது. 14 கூற்றுகள், மூன்று கூறுகள்: உணர்வு, சிந்தனை, செயல். அதாவது குழுவினர் வேலையில் உற்சாகமாக இருக்கிறார்களா, மனதை அதில் செலுத்துகிறார்களா, உடல் வணங்கி அதைச் செய்கிறார்களா. மூன்றும் சேர்ந்ததுதான் குழுவின் ஆக்கபூர்வ ஆற்றல் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட நிலைப்பாடு.

நீங்கள் எழுதும் பத்தியில், இது யாருடைய பண்பு என்பது கட்டாயம் இருக்க வேண்டும். "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்பது ஒரு ஆளைப் பற்றியது. "எங்கள் குழுவில் இருப்பவர்கள் உற்சாகமாக இருக்கிறார்கள்" என்பது குழுவைப் பற்றியது. பதில் சொல்வது ஒருவர்தான், ஆனால் அவர் பேசுவது எல்லாரையும் பற்றி. இப்படி எழுவாயைத் தனிமனிதரிலிருந்து குழுவுக்கு மாற்றுவதால்தான், பிறகு ஒரே குழுவின் பதில்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது.

"நான்" கூற்று நான்கும் "நாங்கள்" கூற்று பத்தும் கலந்த கேள்வித்தாள்களை நிறையப் பார்க்கிறேன். பிறகு, எந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் இரண்டு காரணிகள் வரும், புதிய கூறு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படுவார்கள். அங்கே பிரிந்து நிற்பது எழுவாய்தான்.

2. குழு என்றால் யார் என்று களத்தில் போய்க் கேளுங்கள்

அலுவலகத்தின் அமைப்பு வரைபடத்தை நம்பாதீர்கள். ஒரு மருத்துவமனையில் "உங்கள் குழு" என்று கேட்டபோது ஒரு செவிலியர் என்னிடம், "எந்தக் குழுன்னு கேக்குறீங்க மேடம், வார்டா, டே ஷிஃப்டா, நைட் ஷிஃப்டா?" என்றார். பதிவேட்டில் அது ஒரே வார்டு. நடைமுறையில், பகலில் வருபவர்களும் இரவில் வருபவர்களும் பொறுப்பு ஒப்படைக்கும் சில நிமிடங்கள் மட்டும்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பார்க்காதவர்களோடு உற்சாகத்தை எப்படிப் பகிர முடியும்?

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஒரு தையல் லைன் நல்ல குழு, எல்லை தெளிவாக இருக்கிறது, சூப்பர்வைசர் ஒருவர். வங்கியில் ஒரு கிளை. மென்பொருள் நிறுவனத்தில் ஒருவரே இரண்டு புராஜெக்ட்டில் இருப்பார், அங்கே எந்தக் குழுவை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதைக் கேள்வித்தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

நான் வைத்திருக்கும் விதி இது: ஒரே மேற்பார்வையாளர், ஒரே வேலை நேரம், குறைந்தது மூன்று மாதம் சேர்ந்து வேலை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்த இடத்திலேயே வேலை செய்தால் அவர்களையும் சேருங்கள். நிர்வாகத்தின் பட்டியலில் பெயர் இருக்காது, குழுவின் உற்சாகத்தில் அவர்கள் பங்கு இருக்கும்.

3. மொழிபெயர்ப்பில் அவசரப்படாதீர்கள்

இருவர் தனித்தனியாகத் தமிழில் எழுத வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். இது எல்லாரும் செய்வதுதான். திரும்ப மாற்றியது மூலத்தோடு பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பிழை. சொல்லுக்குச் சொல் மாற்றிய மோசமான தமிழ், திரும்பப் போகும்போது மூலத்தோடு அச்சாகப் பொருந்தும்.

"எனர்ஜி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்தி என்றால் தெய்வம் நினைவுக்கு வரும், ஆற்றல் என்றால் திறமை என்று படிப்பவர்கள் உண்டு, சுறுசுறுப்பு செயலை மட்டும் பிடிக்கும், உற்சாகம் உணர்வை மட்டும், தெம்பு என்பது உடம்பைப் பற்றியது. எல்லாவற்றையும் அடக்கும் ஒற்றைச் சொல் தமிழில் இல்லை, தேடவும் வேண்டாம். மூன்று கூறுகளுக்கும் அதது சொல்லைப் போடுங்கள், பொதுச்சொல் கூற்றுகளுக்குள் வரவே தேவையில்லை.

பதில் கட்டங்களில் இன்னொரு பள்ளம். "எப்போதும் இல்லை" என்று முதல் கட்டத்தில் எழுதினால், ஒருபோதும் கிடையாது என்று பாதிப்பேரும், எல்லா நேரத்திலும் அப்படி இல்லை என்று மீதிப்பேரும் எடுத்துக்கொள்வார்கள். "ஒருபோதும் இல்லை" என்று போடுங்கள். "எப்போதாவது", "சில நேரங்களில்" இரண்டும் பக்கத்துக் கட்டங்களாக வந்தால் எது அதிகம் என்று மக்களுக்குக் குழப்பம். "மிக அரிதாக", "சில நேரங்களில்", "அடிக்கடி" என்று போகும்போது வரிசை தெளிவாகிறது.

எதிர்மறைக் கூற்றுகளை நான் தவிர்ப்பேன். "எங்கள் குழுவினர் சோர்ந்து போவதில்லை" என்பதற்கு "இல்லை" என்று ஒருவர் பதில் சொன்னால் என்ன பொருள்? சோர்வதில்லை என்கிறாரா, அந்தக் கூற்றை மறுக்கிறாரா? எண் கட்டங்களிலும் இந்தக் குழப்பம் அப்படியே தங்கும், பிறகு எதிர்மறைக் கூற்றுகள் எல்லாம் தனிக் காரணியாகச் சேர்ந்து நிற்கும்.

காலவரையறையும் கூற்றுக்கு மேலேயே வரட்டும்: "கடந்த நான்கு வாரங்களில்". உற்சாகம் ஏறி இறங்குவது, எந்த மாதத்தை நினைத்துச் சொல்கிறார்கள் என்பது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. வாசித்துக் காட்டிப் புரிகிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் நேரமில்லை என்று தாண்டிப் போகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது. பத்துப் பதினைந்து பேரோடு உட்காருங்கள். ஒவ்வொரு கூற்றையும் படிக்கச் சொல்லி, பதிலைக் குறிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "புரிகிறதா?" என்று மட்டும் கேட்டால் மரியாதைக்காக "புரியுது" என்றுதான் வரும். "இதைப் படிச்சதும் யாரை நினைச்சீங்க?" என்று கேளுங்கள். அங்கேதான் உண்மை வெளியே வரும். சூப்பர்வைசரை நினைத்தேன் என்பார் ஒருவர், என் பக்கத்து மிஷின் அக்காவை நினைத்தேன் என்பார் இன்னொருவர். அப்படியானால் "எங்கள் குழுவினர்" என்ற சொல் அவர்களிடம் வேலை செய்யவில்லை, "எங்கள் லைனில் வேலை செய்கிறவர்கள்" என்று மாற்றிப் பாருங்கள்.

துறை அறிந்தவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். மூன்று கூறுகளின் விளக்கத்தையும் கலைத்துப்போட்ட கூற்றுகளையும் தந்து, எது எதில் சேரும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு கூற்றைப் பாதிப்பேர் வேறு கூறில் போட்டால், பின்னால் காரணிப் பகுப்பாய்விலும் அது தொல்லை தரும். இப்போது திருத்தினால் ஒரு மாலை நேர வேலை, பிறகு என்றால் களத்துக்கே திரும்பப் போக வேண்டும்.

5. எத்தனை குழு என்பதை முதலில் கணக்கிடுங்கள், எத்தனை பேர் என்பது அப்புறம்

"300 பேர் போதுமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். 300 பேர் 10 குழுவில் இருந்தால், குழு மட்டத்தில் உங்கள் மாதிரியின் அளவு 10தான். குழு மட்டக் காரணி அமைப்பைப் பார்க்க 50 குழுவுக்குக் குறைந்தால் நான் தொடங்கவே மாட்டேன், 100 பக்கம் போனால் நிம்மதி.

எல்லாக் குழுவையும் ஒரே நிறுவனத்தில் எடுக்காதீர்கள். ஒரே போனஸ், ஒரே மேலாண்மை, ஒரே கேன்டீன் என்று குழுக்கள் ஒன்றுபோலவே இருந்தால் அவற்றுக்கு இடையே வேறுபாடு தெரியாது, அளவுகோல் நன்றாக இருந்தும் தோற்றதுபோலத் தெரியும்.

குழு எண்ணைக் கேள்வித்தாளிலேயே முன்கூட்டி அச்சிட்டுவிடுங்கள். பெயர் வேண்டாம். நிரப்பியதை ஒட்டிய உறையில் உங்கள் கையிலேயே வாங்குங்கள், சூப்பர்வைசர் வழியாக வந்தால் எல்லாக் குழுவும் உற்சாகமாகத்தான் இருக்கும். குழு எண் எதற்கு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆறு பேர் உள்ள குழுவில் வயதும் பணிக்காலமும் சேர்த்துக் கேட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும், அதனால் தேவையில்லாத சொந்த விவரங்களைக் கேட்காதீர்கள்.

தேதியையும் குறித்து வையுங்கள். தீபாவளி போனஸுக்கு மறுவாரமும், வங்கியில் மார்ச் கடைசியும், மற்ற நாட்களும் ஒன்றல்ல.

6. தரவைச் சுத்தம் செய்யுங்கள்

மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் தந்த குழுக்களை நீக்குங்கள், குழுவில் பாதிக்கும் குறைவானவர்கள் பதில் தந்திருந்தால் அதையும் யோசியுங்கள். எல்லாக் கூற்றுக்கும் ஒரே எண்ணைக் குறித்தவர்களைத் தனியே எடுத்துப் பாருங்கள், ஆனால் உடனே தூக்கி எறியாதீர்கள், உண்மையிலேயே அப்படி உணர்பவரும் இருப்பார். நீக்கினால் எத்தனை, ஏன் என்று எழுதி வையுங்கள்.

7. கூட்டிச் சராசரி எடுக்கலாமா என்பதை நிரூபியுங்கள்

சராசரி எடுத்துவிட்டுப் பிறகு நியாயம் தேடுவது வழக்கமாகிவிட்டது. வரிசை தலைகீழ். ஒரே குழுவில் பாதிப்பேர் 5 என்றும் பாதிப்பேர் 1 என்றும் சொன்னால் சராசரி 3 வரும், அந்த 3 அங்கே ஒருவர் மனதிலும் இல்லை. பகிர்ந்த உற்சாகம் என்று சொல்வதற்கு முன்னால் அது பகிரப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் எண், குழுவுக்குள் ஒத்துப்போவதைக் காட்டும் ஆர்டபிள்யூஜி. ஜேம்ஸும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் 1984இல் தந்தது. ஐந்து கட்ட அளவுகோலில் எல்லாரும் குருட்டாம்போக்கில் குறித்தால் பரவல் (பதில்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் வேரியன்ஸ்) 2 வரும். உங்கள் குழுவின் சராசரிப் பரவலை அந்த 2ஓடு ஒப்பிடுகிறோம். 4 கூற்றுகள், சராசரிப் பரவல் 0.5 என்றால் விகிதம் 0.25. கணக்கு: 4 × 0.75 = 3, அதை 3.25ஆல் வகுத்தால் 0.92. எல்லாரும் ஏற்கும் எல்லை 0.70, ஆக நல்ல எண்.

இங்கே நின்றுவிடாதீர்கள். மக்கள் குருட்டாம்போக்கில் குறித்தால்கூட நல்ல பக்கமே சாய்வார்கள். லேசான சாய்வு என்று எடுத்துக்கொண்டால் 2க்குப் பதில் 1.34. அதே குழுவுக்கு இப்போது 0.87. இரண்டையும் அறிக்கையில் தாருங்கள். கூற்றுகளின் எண்ணிக்கை கூடினால் இந்த எண் தானாக ஏறும் என்பதால், 14 கூற்றையும் ஒன்றாகப் போட்டு 0.95 வாங்கிக் காட்டாமல் ஒவ்வொரு கூறுக்கும் தனியே போடுங்கள்.

அடுத்து ஐசிசி1, ஐசிசி2. முதலாவது, ஒருவரின் பதிலில் எவ்வளவு பங்கு அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதால் வருகிறது என்று சொல்லும். இரண்டாவது, குழுச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும். அனோவா பகுப்பாய்வு தரும் சராசரி வர்க்கம் குழுக்களுக்கு இடையே 1.2, குழுக்களுக்குள் 0.6, குழுவுக்கு 6 பேர் என்று வைப்போம். ஐசிசி1 என்பது 0.6ஐ 4.2ஆல் வகுத்தது, 0.14. ஐசிசி2 என்பது 0.6ஐ 1.2ஆல் வகுத்தது, 0.50.

இந்த இடத்தில்தான் மாணவர்கள் பதறுகிறார்கள், 0.70 வரவில்லையே என்று. 0.14 நல்ல அளவுதான், குழு விளைவு இருக்கிறது. ஐசிசி2 குறைந்தது குழு சின்னதாக இருப்பதால். இதே ஐசிசி1ஓடு 0.70ஐத் தொட குழுவுக்கு 14 பேர் வேண்டும். சின்னக் குழுக்களே உங்கள் களம் என்றால் அதை எழுதுங்கள், பிற மாறிகளோடு வரும் தொடர்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணைத் தூக்குவதற்காகச் சின்னக் குழுக்களை நீக்காதீர்கள்.

8. காரணி அமைப்பை இரு நிலையில் பாருங்கள்

ஏற்கெனவே மூன்று கூறு என்ற கோட்பாடு இருப்பதால், நேராக உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வுக்குப் போகலாம். கூற்றுகளை நிறைய மாற்றியிருந்தால் மட்டும் முதலில் ஆராயும் வகை. அப்போது எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் தானாகத் தரும் முதன்மைக் கூறு முறையையும், ஐகன் மதிப்பு 1க்கு மேல் என்ற விதியையும் விட்டுவிடுங்கள். உங்கள் தரவைக் குருட்டாம்போக்கில் உருவாக்கிய தரவோடு ஒப்பிடும் இணைப் பகுப்பாய்வு வைத்துக் காரணிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள், கூறுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் காரணிகளுக்குள் தொடர்பை அனுமதிக்கும் சாய்கோணச் சுழற்சி.

ஆராய்வதையும் உறுதிப்படுத்துவதையும் ஒரே தரவில் செய்தால் நாமே எழுதிய விடையை நாமே திருத்தியதுபோல் ஆகும். தரவை இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஆட்களை வைத்துப் பிரிக்காமல் குழுக்களை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரே குழுவில் பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம் என்றால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்ல முடியாது.

பிறகு இருநிலை மாதிரி (மாடல்). உள்நிலையில் இருப்பது, ஒரே குழுவை உறுப்பினர்கள் வெவ்வேறாகப் பார்ப்பதில் உள்ள வேறுபாடு. மேல்நிலையில் இருப்பது குழுக்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, நமக்கு வேண்டியது அதுதான். உள்ளே மூன்று காரணி தெளிவாகப் பிரிந்து, மேலே மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொள்வதும் உண்டு, உற்சாகமான குழு மூன்றிலும் சேர்ந்தே உயர்வதால். அப்படி வந்தால் அதையே சொல்லுங்கள்.

மாதிரி தரவோடு பொருந்துகிறதா என்று சொல்லும் எண்களுக்கு, சிஎஃப்ஐ குறைந்தது 0.95, ஆர்எம்எஸ்இஏ அதிகபட்சம் 0.06, எஸ்ஆர்எம்ஆர் அதிகபட்சம் 0.08 என்று ஹூ, பென்ட்லர் 1999இல் சொன்ன எல்லைகளை எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இருநிலையில் முதல் இரண்டும் பெரும்பாலும் உள்நிலையின் பொருத்தத்தைத்தான் காட்டும், ஆட்கள் அதிகம் அங்கேதான். மேல்நிலை சரியா என்று தெரிய, அந்த நிலைக்கான எஸ்ஆர்எம்ஆரைத் தனியே பாருங்கள்.

இன்னொன்று, ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பக் காண்பது. மூன்று கூறுகளுக்கு மேலே "மொத்த ஆற்றல்" என்று ஒரு உயர்காரணியை வைத்து, பொருத்தம் நன்றாக இருக்கிறது, ஆகவே உயர்காரணி நிரூபணம் என்று எழுதுகிறார்கள். கீழே மூன்று காரணி மட்டும் இருக்கும்போது, உயர்காரணி மாதிரியும் மூன்றும் சும்மா தொடர்புற்றிருக்கும் மாதிரியும் ஒரே பொருத்த எண்களைத்தான் தரும். அந்த எண் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தராது. கோட்பாட்டையும், கீழ்க்காரணிகள் மேலே ஏற்றும் சுமைகளின் (உயர்காரணியோடு எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கின்றன என்ற எண்களின்) அளவையும் வைத்து வாதிடுங்கள். ஒற்றைக் காரணி மாதிரி இதைவிட மோசம் என்று காட்டுவதும் அவசியம்.

9. நம்பகத்தன்மை

கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் க்ரோன்பாக் ஆல்ஃபா, எல்லாரையும் ஒன்றாகக் கொட்டி எடுத்தால் அது இரண்டு நிலையையும் கலந்துவிடும். அதே வகை எண்ணான ஒமேகாவை உள்நிலைக்கும் மேல்நிலைக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள். ஆறு மாத இடைவெளியில் மறுபடி அளந்து ஒரே எண் வரவில்லை என்று வருந்த வேண்டாம், உற்சாகம் மாறக்கூடியது என்றுதானே மூன்றாம் படியிலேயே எழுதினோம்.

10. பக்கத்து வீட்டுக் கருத்துகளிலிருந்து பிரித்துக் காட்டுங்கள்

திறனாய்வாளர் கேட்கும் முதல் கேள்வி, "இது பணி ஈடுபாடுதானே?" என்பதாக இருக்கும். அதனால் தனிமனித ஈடுபாடு, குழு ஒற்றுமை, குழுவின் தன்னம்பிக்கை, வேலைத் திருப்தி இவற்றில் இரண்டையாவது அதே தாளில் சேருங்கள். ஒற்றுமையான குழு சோர்ந்தும் இருக்கலாம், ஆகவே ஒற்றுமையோடு தொடர்பு இருக்க வேண்டும், ஆனால் ஒன்றாகிவிடக் கூடாது. இரண்டையும் தனிக் காரணிகளாக வைத்த மாதிரியையும் ஒரே காரணியாக வைத்ததையும் ஒப்பிடுங்கள். இதைக் குழு மட்டத்தில் செய்ய வேண்டும், ஆள் மட்டத்தில் பிரிந்து நிற்பது மேலே ஒட்டிக்கொள்ளலாம்.

11. விளைவை வேறு கையிலிருந்து வாங்குங்கள்

உற்சாகம் உள்ள குழு நன்றாக வேலை செய்கிறதா என்று அதே ஆட்களிடம், அதே தாளில் கேட்டால் இரண்டும் தொடர்புற்றுத்தான் வரும், நல்ல மனநிலையில் இருப்பவர் எல்லாவற்றையும் நல்லதாகக் குறிப்பார். செயல்திறனை மேற்பார்வையாளரிடம் கேளுங்கள், அல்லது வருகைப் பதிவு, லைனின் தினசரி உற்பத்தி எண்ணிக்கை போன்ற பதிவுகளை ஒன்றிரண்டு மாதம் கழித்து எடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், குழுவைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து ஒரு பாதியிடம் உற்சாகத்தையும் மறு பாதியிடம் விளைவையும் கேட்கலாம். அதற்குக் குழு கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும்.

12. இரண்டு வகை ஆட்களை ஒப்பிடும் முன்

செவிலியர் குழுக்களின் சராசரி தையல் லைன்களைவிட அதிகம் என்று எழுத ஆசையா? கூற்றுகள் இரு களத்திலும் ஒரே பொருள் தருகின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒரே அமைப்பு, பிறகு ஒரே சுமைகள், பிறகு ஒரே வெட்டுப்புள்ளிகள் (காரணி பூஜ்யமாக இருக்கும்போது கூற்றுக்கு வரும் மதிப்பு) என்று படிப்படியாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் சிஎஃப்ஐ 0.01க்கு மேல் குறையாமல் இருந்தால் அடுத்த படி. மூன்றாவது படி தாண்டாமல் சராசரிகளை ஒப்பிடாதீர்கள். தமிழ்த்தாளும் ஆங்கிலத்தாளும் இரண்டுமே கொடுத்திருந்தால் அவற்றுக்கும் இதே சோதனைதான்.

13. அறிக்கையில் இருக்க வேண்டியவை, குழுக்களுக்குச் சொல்ல வேண்டியவை

தமிழ்க் கூற்றுகள் முழுதும், பதில் கட்டங்களின் சொற்களோடு. குழுவுக்கு நீங்கள் வைத்த விளக்கம். எத்தனை குழு, ஒவ்வொன்றிலும் சராசரியாக எத்தனை பேர், எத்தனை பேர் பதில் தந்தார்கள். ஆர்டபிள்யூஜியின் இடைநிலை மதிப்பு மட்டும் போதாது, 0.70க்குக் கீழே போன குழுக்கள் எத்தனை என்பதும். நீக்கிய கூற்றுகளும் காரணமும். நேர்காணலில் மாற்றிய சொற்களையும் எழுதுங்கள், அடுத்து வருபவருக்கு அதுதான் மிகவும் உதவும்.

நிறுவனம் குழுவாரியாக முடிவு கேட்கும். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் எண்ணைத் தராதீர்கள், குழுக்களை வரிசைப்படுத்திய பட்டியலும் தராதீர்கள். இதைக் கடைசியில் சொன்னால் மனக்கசப்பு வரும், முதல் நாள் வாங்கும் அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.